அரிப்புக் கரையும் வைத்தியசாலை நிர்வாகமும்

வைத்தியசாலை நிர்வாகம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன கட்டில்களின் எண்ணிக்கை, மருந்துக் களஞ்சியம், தாதியரின் கடமைப் பட்டியல், வரவுசெலவுப் புத்தகம் ஆகியவையே. இவை வேண்டப்படுவன என்பதில் ஐயமில்லை. களஞ்சியம் வெறுமையாய்க் கிடக்குமாயின் வைத்தியரின் பரிவு மட்டும் நோயாளியைக் காப்பாற்றிவிடாது. எனினும் இவை யாவற்றுக்கும் முன்னதான வினா ஒன்று உண்டு. யாருடைய உயிருக்குக் கணக்கு வைக்கப்படுகிறது? அந்தக் கணக்குக்கு யார் பொறுப்பாளி? இவ்வினாவுக்கு ஓர் அரசு அளிக்கும் விடையைப் பொறுத்தே அதன் வைத்தியசாலைகளின் திறமையும் திறமையின்மையும் அமைகின்றன.

இக்கூற்றைச் சோதித்துப் பார்ப்பதற்கு மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு என்னும் சிற்றூரைக் காட்டிலும் பொருத்தமான இடம் இலங்கையில் வேறொன்று இருத்தல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கரையில் இரண்டு வகைக் கூட்டங்கள் வந்து இறங்கின. ஒன்று முத்துக் குளிக்க வந்தது. மற்றது கோப்பித் தோட்டங்களில் கூலிக்கு உழைக்க வந்தது. இரண்டும் பெரும்பாலும் தமிழகத்துக் கரைகளிலிருந்து வந்த ஏழை மக்களின் கூட்டங்களே. ஆட்சி செய்ததும் ஒரே அரசுதான். ஆயினும் அவ்வரசு ஒரு கூட்டத்துக்கு வைத்தியசாலை அமைத்து நின்றது. மற்றக் கூட்டத்தைக் காட்டு வழியில் நடக்க விட்டது.

சலாபமும் அதன் நகரமும்

மல்வத்து ஓயா என்று சிங்கள மக்கள் வழங்கும் அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் உள்ளது அரிப்பு. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயனான ரொபேட் நொக்ஸ், 1679ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவ்வாற்றின் கரையைப் பின்பற்றிக் காட்டைக் கடந்து வந்து அடைக்கலம் புகுந்தது அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையில்தான். பின்னர் பிரித்தானியரின் முதல் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த், முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்வதற்கென 1801ஆம் ஆண்டுக்கும் 1804ஆம் ஆண்டுக்கும் இடையில் இங்குக் கடலோரத்தில் ஒரு மாளிகை எழுப்பினார். கிரேக்கத் தூண்களின் பாணியில் அமைந்தமையால் ஆங்கிலேயர் அதனை ‘டொறிக்’ என்றனர். கடலரிப்பால் இடிந்து நிற்கும் அதன் எச்சங்களை ஊர் மக்கள் அல்லிராணி கோட்டை என்றே அழைக்கின்றனர். ஓர் ஏகாதிபத்திய அதிகாரி கட்டிய வீட்டை மக்கள் தம் பழங்கதையின் அரசிக்கு உரிமையாக்கிவிட்டனர்.

இம்மாளிகைக்கு எதிரே விரிந்த கடலில்தான் முத்துப்பார்கள் இருந்தன. சலாபம் ஆண்டுதோறும் நடைபெறுவதன்று. சிப்பி முதிர்ந்த ஆண்டில் மட்டும், பெரும்பாலும் பங்குனி, சித்திரை மாதங்களை ஒட்டிய சில வாரங்களுக்கு நடைபெறும். சலாபம் அறிவிக்கப்பட்டதும் கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மலையாளக் கரை, அராபியக் குடா ஆகிய இடங்களிலிருந்து குளியாட்களும் தோணிக்காரரும் வியாபாரிகளும் வந்து குவிவர். அரிப்பு, கொண்டச்சி, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களில் ஒன்றிலே, ஆளரவமற்ற மணல்வெளியில், சில வாரங்களில் ஒரு நகரம் எழும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறிச்சுக்கட்டியில் எழுந்த நகரத்தைக் கண்டவர்கள் அதன் மக்கள் தொகையை 20,000 முதல் 40,000 வரை மதித்தனர்.

சுகாதார நோக்கில் இதைவிட ஆபத்தான ஒரு நகரத்தை எண்ணிப் பார்ப்பது கடினம். முத்தை எடுப்பதற்காகச் சிப்பியை நாட்கணக்கில் அழுக விடுவார்கள். கோடிக்கணக்கான சிப்பிகள் வெயிலில் அழுகும், ஈக்கள் மொய்க்கும், நாற்றம் பல மைல் தூரம் பரவும். குடிநீரோ அருமை. கொண்டச்சியின் நீர் உவர்நீராதலால் நல்ல நீரை அரிப்பிலிருந்து சுமந்து செல்ல வேண்டியிருந்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர்கள் குறித்துள்ளனர். இத்தகைய இடத்தில் வாந்திபேதி புகுந்தால் என்ன நேரும் என்பதைக் கூற வேண்டியதில்லை. அந்நோய் தோன்றியதால் சலாபம் இடைநடுவில் முடிவுற்றதும் உண்டு.

எனவேதான் அரசு விழித்திருந்தது. சலாப நகரத்தில் நேரான வீதிகள் வகுக்கப்பட்டன. நீதிமன்றம், சிறைச்சாலை, பொலிசு நிலையம், தபால் தந்தி நிலையம், கடைத்தெரு ஆகியவற்றோடு வைத்தியசாலையும் அமைந்தது. சிப்பி அழுகும் கொட்டகைகள் குடியிருப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் 1869 முதல் 1896 வரை அரசாங்க அதிபராயிருந்த துவைனம் போன்றவர்கள் சலாப அனுபவத்தை வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்திருந்தனர். 1906இல் மறிச்சுக்கட்டியில் பணிபுரிந்த லெனாட் வூல்ப், விரல்விட்டு எண்ணத்தக்க அதிகாரிகள் அப்பெரும் கூட்டத்தை நிர்வகித்த விதத்தைத் தமது தன்வரலாற்றின் 1961ஆம் ஆண்டு வெளிவந்த பகுதியில் விவரித்துள்ளார்.

இங்கே நிர்வாகத்தின் அடிப்படைக் கூறுகள் பலவற்றைக் காண்கிறோம். கூட்டம் வருவதற்கு முன்னரே ஏற்பாடு நடந்தது. பொறுப்பு ஓரிடத்தில் இருந்தது. நீரும் கழிவும் மருந்தும் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பிரிக்கப்படவில்லை. குளியாளின் மன அச்சத்தைக்கூட அரசு கணக்கிலெடுத்தது. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்த கடல்கட்டி கரையில் நின்று ஓதினாலன்றிக் குளியாள் நீரில் இறங்கமாட்டான். ஆகவே அறிவியல் யுகத்தின் பிரதிநிதிகள் என்று தம்மைக் கூறிக்கொண்ட ஆட்சியாளர் அக்கடல்கட்டிக்கும் ஊதியம் கொடுத்து வைத்திருந்தனர்!

இத்துணை அக்கறை எங்கிருந்து பிறந்தது? கணக்கு எளிது. பிற்காலச் சலாபங்களில் குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக எண்ணப்பட்டு இரவில் ஏலம் விடப்பட்டது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் கிட்டியது. குளியாள் நோயுற்றால் அன்றைய வருமானம் குறையும். கொள்ளைநோய் பரவினால் பருவமே பாழாகும். குளியாளின் உடல்நலம் அரசின் நேரடி இலாபத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. அப்பிணைப்பு அறுந்த நாளில் அக்கறையும் அறுந்தது. 1906இல் முத்துப்பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி அற்றுப்போயிற்று, கம்பெனியும் மறைந்தது. ஆயிரமாயிரம் பேருக்காக எழுந்த நகரத்தில் அரிப்பு மக்களுக்கென எஞ்சி நின்ற மருத்துவ வசதி எதுவுமில்லை. சலாபத்தின் வைத்தியசாலை சலாபத்தோடு பிறந்து சலாபத்தோடு மறைவதாகவே அமைந்திருந்தது.

சாலையில் நடந்தவர்கள்

இனி மற்றக் கூட்டத்தைப் பார்ப்போம். 1830களில் மலைநாட்டில் கோப்பிச் செய்கை விரிவடைந்தது. தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பைத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்கள் அளித்தன. தேவிபட்டினம், இராமேசுவரம் முதலிய இடங்களில் தோணியேறியவர்கள் தலைமன்னாரிலும் மன்னாரிலும் வங்காலையிலும் அரிப்பிலும் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடை. நொக்ஸ் விடுதலையைத் தேடிக் கடலை நோக்கி நடந்து வந்த அதே காட்டு நாட்டினூடாக, இவர்கள் அடிமைத்தளையை ஒத்த உழைப்பைத் தேடி மலையை நோக்கி நடந்தனர்.

அவ்வழியில் நல்ல நீர் இல்லை. காட்டுக் காய்ச்சல் இருந்தது. அம்மையும் வாந்திபேதியும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தன. முன்பணக் கடனால் கட்டுண்ட கங்காணிக்கு விரைந்து தோட்டம் சேர்வதே குறி. நடக்க மாட்டாதவன் வழியில் விடப்பட்டான். அவனைத் தூக்கிச் செல்ல வேண்டியது யார் கடமை? தோட்டத் துரை, ‘என் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபின்தான் அவன் என் ஆள்’ என்றிருந்தான். அரசு, ‘அவர்கள் தம் விருப்பப்படி வந்து போகும் சுதந்திர மனிதர்கள், நாம் தலையிடுவதற்கில்லை’ என்றிருந்தது. சுதந்திரம் என்ற உயர்ந்த சொல் இவ்வாறு ஒரு பிணத்தின் மீது போர்த்தப்பட்டது.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1839இல் இந்திய அரசு வெளிநாடுகளுக்குக் கூலியாட்கள் செல்வதைத் தடை செய்திருந்தது. 1847ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் இலங்கையை அத்தடையிலிருந்து விலக்கியது. மொரீசியசுக்குச் செல்லும் ஒப்பந்தக் கூலிக்கு எழுதப்பட்ட ஒப்பந்தமும், அதைக் கவனிக்கப் பெயரளவிலாவது ஓர் அதிகாரியும் இருந்தனர். இலங்கைக்கு வந்தவனுக்கு அதுவும் இல்லை. அவன் எங்கே தோணியேறினான், எங்கே இறங்கினான், எங்கே வீழ்ந்தான் என்பவற்றை ஆளுக்கு ஆள் பதிந்து வைக்கும் பேரேடு இல்லை. ஒரே கரையில் சிப்பி ஆயிரம் ஆயிரமாக எண்ணப்பட்டது, மனிதன் எண்ணப்படவில்லை.

எண்ணாமையின் விளைவு என்ன என்பதை 1849ஆம் ஆண்டு காட்டியது. 1841 முதல் 1848 வரை வந்தவர்களில் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது நான்கில் ஒரு பங்கினர், மடிந்தனர் என்று ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை அவ்வாண்டில் எழுதிற்று. தோட்டத்துரைமாரின் ஆதரவாளர் அதனை மிகை என்றனர். பிற்கால வரலாற்றாசிரியர்களிடையேயும் அவ்வெண்ணைப் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் இவ்விவாதம் எழுவதற்கே காரணம் என்ன? பேரேடு ஒன்று இருந்திருக்குமாயின் விவாதத்துக்கு இடமேது? பல்லாயிரம் பேர் இறந்தனரா, இன்னும் அதிகமான பேர் இறந்தனரா என்று அறுதியிட முடியாதவாறு ஓர் அரசு தன் கணக்கை அமைத்துக்கொண்டிருந்தது என்பதே அவ்வரசின் மீதான கடுமையான குற்றச்சாட்டாகும்.

இவ்விடத்தில் ஒரு செய்தி கவனத்துக்குரியது. அக்காலத்தில் ‘ஒப்சேவர்’ பத்திரிகையை நடத்தியவர் கிறிஸ்தோப்பர் எலியட் என்னும் ஐரிசு வைத்தியர். ஆட்சியாளரின் வரிக்கொள்கையைச் சாடி எழுதி, 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலத்தில் அரசின் வெறுப்புக்கு ஆளானவர். 1858இல் இராணுவ மருத்துவ சேவையிலிருந்து பிரித்துச் சிவில் வைத்தியத் திணைக்களம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக நியமிக்கப்பட்டவரும் இவரே. அடுத்த ஆண்டிலேயே அவர் காலமானார். இறந்தோரை எண்ணத் துணிந்த ஒருவர் வைத்தியத் திணைக்களத்தின் முதல் தலைவரானார் என்பது பொருளுடையதே.

இதே காலத்தில் இங்கிலாந்தில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் இவ்வுண்மையையே வேறொரு வழியில் நிலைநாட்டிக்கொண்டிருந்தார். கையில் விளக்கேந்திய மங்கையாக மட்டுமே நம் பாடப்புத்தகங்கள் அவரைக் காட்டுகின்றன. கிரிமியப் போரில் போர்க்காயத்தால் இறந்தவர்களைவிட வைத்தியசாலைகளில் பரவிய நோயால் இறந்தவர்களே அதிகம் என்பதை எண்களால் மெய்ப்பித்தவர் அவர். வைத்தியசாலைகளைப் பற்றி 1859இல் நூல் வெளியிட்டார். எல்லா வைத்தியசாலைகளும் ஒரே முறையில் நோயாளர் கணக்கை வைக்க வேண்டும் என்ற திட்டத்தை 1860இல் இலண்டனில் கூடிய புள்ளிவிவர மாநாட்டின் முன் வைத்தார். நவீன வைத்தியசாலை நிர்வாகம் பிறந்தது இத்தகைய பேரேடுகளில்தான். வடக்குச் சாலையில் வீழ்ந்தவனுக்கு இல்லாதிருந்ததும் அந்தப் பேரேடே.

முதலாளி நடத்திய மருத்துவமும் அரசு நடத்திய மருத்துவமும்

சாவு பெருகினால் உழைப்பு வரத்துக் குறையும் என்ற அச்சம் பின்னர்ச் சில சட்டங்களைப் பிறப்பித்தது. 1858ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் குடியேற்றத் தொழிலாளருக்கென ஓர் ஆணைக்குழுவை ஏற்படுத்தியது. காலப்போக்கில் சாலையோரத்தில் கிணறுகளும் தங்குமடங்களும் நோயாளர் விடுதிகளும் தோன்றின. 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான முதற் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி தோட்ட மாவட்டங்களில் மருத்துவ ஏற்பாட்டை நிர்வகிக்கும் பொறுப்பு பெரும்பாலும் தோட்டத்துரைமாரைக் கொண்ட மாவட்டக் குழுக்களிடம் விடப்பட்டது.

நிர்வாகவியல் மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய அத்தியாயம் இது. செலவைக் குறைப்பதில் நலன் உடையவனிடமே செலவு செய்யும் பொறுப்பையும் ஒப்படைத்தால் என்ன ஆகும்? நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்பினால் தோட்டத்துக்குச் செலவு. ஆகவே இனித் தேறமாட்டான் என்ற நிலையில்தான் அவன் அனுப்பப்பட்டான். அங்கே போனவன் திரும்புவதில்லை என்று லயத்தில் உள்ளவர்கள் கண்டனர். ஆசுப்பத்திரி என்றாலே சாவுவீடு என்ற அச்சம் அவர்களிடையே வேரூன்றிற்று. அந்த அச்சத்தை அறியாமை என்று துரைமார் எள்ளினர். உண்மையில் அது அனுபவம் தந்த அறிவே. குழுக்கள் தோல்வியுற்றதால் 1880இல் புதிய சட்டம் இயற்றி, அரசே பொறுப்பை ஏற்றது. செலவுக்கான பணம் பின்னர் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து பெறப்பட்டது. மருத்துவத்தை முதலாளியின் கருணையிலிருந்து பிரித்துப் பொதுநிதியோடு இணைக்க வேண்டும் என்ற பாடத்தை ஒரு காலனி அரசே கற்க வேண்டியதாயிற்று.

1896இல் பம்பாயில் கொள்ளைநோயாகிய பிளேக் தோன்றியது. அந்நூற்றாண்டின் முடிவில் வடக்குச் சாலை தொழிலாளர் வருகைக்கு மூடப்பட்டது. தூத்துக்குடி வழியாகக் கொழும்பில் இறங்கியவர்கள் இராகமை முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். 1914இல் தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்தும் இருப்புப்பாதையும் இணைந்தபின், மண்டபம் முகாம் முக்கியத்துவம் பெற்றது. அங்கே குளிப்பாட்டினர்; துணிகளை அவித்தனர்; அம்மைப்பால் குத்தினர்; சில நாள் தடுத்து வைத்தனர். இப்போது எண்ணிக்கை செம்மையாயிருந்தது, நிர்வாகம் திறமையாயிருந்தது. சாவும் குறைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டின் நோக்கம் தொழிலாளியை நோயிலிருந்து காப்பதா, தோட்டங்களைத் தொழிலாளியிடமிருந்து காப்பதா என்ற வினா எஞ்சி நிற்கிறது. திறமை என்பது தானாகவே மனிதாபிமானம் ஆகிவிடாது.

வாக்குரிமையும் வைத்தியசாலையும்

நிலைமை அடிப்படையில் மாறத் தொடங்கியது 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின்னரே. 1934–35ஆம் ஆண்டு மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். பட்டினி கிடந்த உடல்களையே நோய் விரைவில் கொன்றது என்பதை, கிராமங்களில் நிவாரணப் பணிக்குச் சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் நேரிற் கண்டனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் பலர் அவர்களே. இனி மக்கள் பிரதிநிதி தன் தொகுதியின் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவனானான். நாடெங்கும் கிராமிய வைத்தியசாலைகள் எழுந்தன. 1950இல் அவுஸ்திரேலிய நிபுணரான கம்ஸ்டன் அளித்த அறிக்கை, நோய் தடுக்கும் பணியையும் நோய் தீர்க்கும் பணியையும் ஒன்றிணைத்து, கொழும்பில் குவிந்த அதிகாரத்தைப் பிரதேசங்களுக்குப் பகிர வேண்டும் என்றது. 1952ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுகாதார சேவைகள் சட்டம் அதைத் தொடர்ந்து வந்தது. இன்றும் வைத்தியசாலை நிர்வாகத்தின் அடித்தளமாக இருப்பது அச்சட்டமே.

இவ்வெற்றியிலும் இரண்டு குறைகளை நாம் மறைக்கக் கூடாது. முதலாவது: 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், அரிப்பு வழியாகவும் மன்னார் வழியாகவும் நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை நாடற்றவர் ஆக்கிற்று. வாக்கிழந்தவர்கள் வைத்தியத்தையும் இழந்தனர். தோட்டத்து மருத்துவம் நெடுங்காலம் தேசிய சுகாதார சேவைக்கு வெளியே கம்பெனியின் பொறுப்பாகவே கிடந்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு ஏற்கும் பணி 1990களில்தான் மெல்லத் தொடங்கியது. எண்ணப்படாதவனுக்கு மருந்தில்லை என்ற வடக்குச் சாலையின் நியதி நூறாண்டு கழிந்தும் தொடர்ந்தது. இரண்டாவது: இடதுசாரிகளும் பங்குகொண்ட கூட்டரசாங்கமே 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட்டது. தொகை சிறிது. எனினும் இலவச மருத்துவத்தின் வாசலில் வைக்கப்பட்ட தடை அது. 1977இல் அது நீக்கப்பட்டது. கசப்பான இவ்வரலாற்றை முற்போக்காளர் மறவாதிருத்தல் நன்று.

அரிப்பு மக்களுக்கு வந்த துன்பமோ வேறு வகையினது. 1990 அக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முசலிப் பிரதேசத்து முஸ்லிம் கிராமங்கள் வெறுமையாயின. 2007 செப்டம்பரில் சிலாவத்துறையை இராணுவம் கைப்பற்றியபோது அரிப்பு உள்ளிட்ட பகுதிகளின் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009க்குப் பின்னர் மக்கள் மீளக் குடியேறினர். மக்களையே அப்புறப்படுத்திவிட்ட நிலத்தில் எந்த நிர்வாகத் திறமையும் வைத்தியசாலையை நடத்திவிட முடியாது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்ததும், வைத்தியர் பலர் நாட்டை விட்டு வெளியேறியதும் நாம் அறிந்தவையே. அத்தகைய காலங்களில் கொழும்பின் பெரிய வைத்தியசாலையைக் காட்டிலும் கடற்கரைச் சிற்றூரின் வைத்தியசாலையே முதலில் தளர்கிறது.

ஆகவே வைத்தியசாலையைத் திறம்பட நடத்துவது எப்படி என்று கேட்போருக்கு அரிப்பின் வரலாறு சில விடைகளை வைத்திருக்கிறது. நீர், பாதை, கழிவு ஆகியவற்றைக் கவனிக்காத வைத்தியசாலை பாதி வைத்தியசாலையே. பிறப்பும் இறப்பும் நோயும் ஒளிவுமறைவின்றிப் பதியப்பட்டு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். செலவைச் சுருக்குவதில் இலாபம் காண்பவனிடம் நிர்வாகத்தை ஒப்படைக்கலாகாது. வருமானம் தரும் பருவத்துக்கு மட்டும் கூடாரம் அடித்துப் பின் கலைத்துச் செல்லும் முறை எவ்வடிவில் வந்தாலும் எதிர்க்கப்பட வேண்டும்.

இவற்றுள் எதுவும் வைத்தியராலும் அதிகாரியாலும் மட்டும் ஆகக்கூடியதன்று. வைத்தியசாலைகளுக்கு அபிவிருத்திக் குழுக்கள் உள்ளன. அவற்றில் ஊரின் செல்வர்கள் மட்டும் அமர்ந்திருக்க, ஆசிரியர் ஒதுங்கி நிற்பது தகுமா? மாணவர் தம் கிராமத்து வைத்தியசாலைக்கு எத்தனை பேர் எவ்வளவு தூரம் நடந்து வருகிறார்கள், எத்தனை பேர் மருந்தின்றித் திரும்புகிறார்கள் என்பதை ஒரு மாதம் எண்ணிப் பார்க்கட்டும். அந்த எண்களை எடுத்துக்கொண்டு குழுவின் கூட்டத்துக்குச் செல்லட்டும். வடக்குச் சாலையில் பெயரின்றி வீழ்ந்தவர்களுக்கு நாம் பட்டுள்ள கடனில் ஒரு பகுதியையாவது அவ்வாறு தீர்க்கலாம்.